பெற்றிசியாவின் நாலாவது மன்றாட்டு

பெற்றிசியாவுக்கு வாய் தவறும் என்பது பள்ளிமுனையில் குஞ்சு குருமானுக்கும் தெரியும். கெட்ட வார்த்தை வரும் என்று நினைத்துவிடாதீர்கள். அந்த வாயில் வருவதெல்லாம் நல்ல வார்த்தைதான். சிக்கல் வேறு. கழுத்தில் செபமாலை, வீட்டு முன்சுவரில் மடு மாதா படம், ஞாயிறு பூசைக்கு முதல் மணி அடிக்க முன்னரே கோயிலில் முன்னாலிருந்து இரண்டாவது வாங்கில் இருக்க இடம். அப்படிப்பட்ட மனுசியிடம் போய், "பெற்றிசியா அக்கா, நாளைக்கு மழை பெய்யுமோ?" என்று கேட்டுப் பாருங்கள். "இன்ஷா அல்லாஹ், பெய்யும் பிள்ளை" என்பாள். பிறந்த குழந்தையைத் தூக்கிக் கொடுத்தால் "மாஷா அல்லாஹ்" என்று கொஞ்சுவாள். பந்தயம் பிடித்து அவளிடம் கேள்வி கேட்கிற குறும்புக்காரர்கள் தெருவில் இருந்தார்கள். அவளும் கோபிக்கமாட்டாள். வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள்.

எப்படி வந்தது இந்தப் பழக்கம்? அதைச் சொல்வதென்றால் கொஞ்சம் பின்னால் போகவேண்டும்.

பெற்றிசியாவின் கணவன் அமிர்தநாயகம் கடலோடி. கடல் அவனை ஒன்றும் செய்யவில்லை. கரையிலே கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்தவன், நெஞ்சுக்குள் குத்துகிறது என்றான், தண்ணீர் கேட்டான், கொண்டுவருவதற்குள் போய்விட்டான். அப்போது மகள் ஜெயனிக்குப் பத்து வயது. செத்தவீடு முடிந்து சனம் கலைந்து போனபின், வழியில் காண்பவர்கள் "எப்பிடிச் சுகம் பெற்றிசியா?" என்று கேட்பார்கள். "ஏதோ இருக்கிறம்" என்பாள்.

துக்கத்தில் வந்த பதில் என்று எண்ணவேண்டாம். புருசன் உயிரோடிருந்த காலத்திலும் அதே பதில்தான். அவளுடைய தாய்க்கும் அதே பதில், தெருவில் எல்லோருக்கும் அதே பதில். படகு நிறைய மீன் வந்த அன்றைக்குக் கேட்டாலும் "ஏதோ இருக்கிறம்" என்றுதான் சொல்லுவார்கள். நல்லாக இருக்கிறோம் என்று வாயால் சொன்னால் கண் பட்டுவிடும், கடலுக்குக் காது கேட்டுவிடும் என்று ஒரு பயம். நன்றி என்ற சொல் அந்தக் கரையில் இல்லாமல் இல்லை. பூசைப் புத்தகத்தில் இருந்தது, பாட்டில் இருந்தது. கோயில் வாசலைத் தாண்டி வீட்டுக்கு மட்டும் வராது. பெற்றிசியா அந்த வளர்ப்பில் வளர்ந்தவள், அவளை மட்டும் குறை சொல்லி என்ன செய்ய?

ஜெயனியைப் படிக்கவைக்க வேண்டும். அதனால் கருவாட்டுக் கூடையோடு பஸ் ஏறி எருக்கலம்பிட்டிக்குப் போனாள். தொண்ணூறாம் ஆண்டு இடம்பெயர்ந்து புத்தளத்துக்குப் போன முஸ்லிம் சனம் கொஞ்சம் கொஞ்சமாக ஊருக்குத் திரும்பி வந்துகொண்டிருந்த காலம் அது. மூன்று வீட்டில் வேண்டாம் என்றார்கள். நாலாவது வீட்டுப் படலையைத் தட்டினாள். முக்காட்டை இழுத்துச் செருகிக்கொண்டு, கையில் கத்தியோடும் கண்ணில் நீரோடும் ஒரு பெண் வந்து நின்றாள். அவள்தான் சித்தி மரியம். கண்ணீருக்குக் காரணம் வெங்காயம்.

"எப்படி சுகம்?" என்றாள் மரியம், முன்பின் தெரியாதவளிடம்.

"ஏதோ இருக்கிறம்."

"ஏதோவா? ஏதோண்டா என்ன? நல்லா இருக்கியா, இல்லையா?"

பெற்றிசியா திகைத்துப் போனாள். நாற்பது வருடமாக ஒருவரும் அந்தப் பதிலுக்குமேல் கேள்வி கேட்டதில்லை.

"சரி, அதப் பொறகு யோசி. வெங்காயம் உரிக்கத் தெரியுமா புள்ள? கலியாணச் சாப்பாடு ஒண்டு ஏத்துப்போட்டன். கை காணாது."

கருவாட்டுக் கூடை படலையோடு நின்றுவிட்டது. பெற்றிசியா குசினிக்குள் போனாள். பதினைந்து வருடம் அந்தக் குசினிதான் அவள் வேலைக்குப் போன கந்தோர்.

மரியத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லவேண்டும். அவளுக்கு ஆறு பேருக்குச் சமைக்கத் தெரியாது. அறுபது பேருக்கு, அறுநூறு பேருக்கு என்றால் கண்ணை மூடிக்கொண்டு உப்புப் போடுவாள். கல்யாணம் முடித்து ஆறு மாதத்தில் ஊரைவிட்டுப் போனவள். தனிக்குடித்தனம் நடத்திச் சமையல் பழகுவதற்குள் அகதி முகாமுக்குப் போய், அங்கே பொதுச் சமையலில் அண்டா மாதிரிப் பெரிய கிடாரத்துக்கு முன்னால் நின்று பழகிவிட்டாள். ஊருக்குத் திரும்பி வந்த பிறகும் வீட்டில் இரண்டு பேருக்குச் சோறு வைத்தால் ஒன்றில் குழையும், இல்லையென்றால் தெருவுக்கே காணும். அவள் கணவர் சரிபுதீன்தான் ஒருநாள், "இவள மாத்த ஏலா, சமையல் ஓடர் எடுப்பம்" என்று வழி கண்டார்.

வேலைக்கு வந்த முதல் வாரம். கிடாரங்களை வான் வண்டியில் ஏற்றி அனுப்பியாயிற்று. மரியம் பாயை விரித்து, நடுவில் சஹனை வைத்தாள். சஹன் என்பது பெரிய தட்டம், நாலைந்து பேர் சுற்றியிருந்து ஒன்றாகச் சாப்பிடுவது. பெற்றிசியா தன் பங்கை ஒரு கோப்பையில் எடுத்துக்கொண்டு பின்வாசல் படிக்குப் போகப் பார்த்தாள்.

"எங்க போற?"

"நான் பிறகு சாப்பிடுறன் ராத்தா." அக்காவை அந்த வீட்டில் ராத்தா என்றுதான் கூப்பிட்டார்கள்.

"பொறகுண்டா எப்ப?"

பிறகு என்றால் எல்லோரும் சாப்பிட்ட பிறகு. முதலில் தகப்பனும் அண்ணன்மாரும், பின்னர் புருசனும் பிள்ளையும் சாப்பிட்டு எழும்பிய பிறகு, சட்டியில் மிச்சம் இருந்தால், நின்றபடி. வீட்டில் எவரும் அவளை அப்படிச் சாப்பிடச் சொல்லவில்லை. வேறு மாதிரிச் சாப்பிடலாம் என்றும் சொல்லவில்லை. அமிர்தநாயகம் நல்ல மனிதன், அடித்ததில்லை, ஏசினதில்லை. ஆனால் "நீ சாப்பிட்டியோ?" என்று கேட்கவேண்டும் என்று அவனுக்கும் யார் பழக்கினார்கள்?

"இரி" என்றாள் மரியம். இருந்தாள். சமைக்க வந்த நாலு பெண்களின் கை ஒரே சோற்றில். மரியம் பேச்சோடு பேச்சாக, நல்ல இறைச்சித் துண்டு ஒன்றை விரலால் பெற்றிசியாவின் பக்கம் தள்ளிவிட்டாள். அவ்வளவுதான், பெற்றிசியா அழத் தொடங்கிவிட்டாள்.

"என்ன புள்ள, உறைப்பா?"

"இல்லை ராத்தா. நல்லா இருக்கு."

சாப்பிட்டு முடிந்ததும் மரியம் "அல்ஹம்துலில்லாஹ்" என்றாள். அதற்கு என்ன அர்த்தம் என்று பெற்றிசியா கேட்டாள்.

"எல்லாப் புகழும் படைச்சவனுக்கே. வயிறு நிறைஞ்சாச் சொல்லுவம். சுகம் கேட்டாச் சொல்லுவம். காய்ச்சல் வந்தாலும் சொல்லுவம்."

"காய்ச்சலுக்கும் ஏன்?"

"அதவிடப் பெரிசா ஒண்டும் வரல்ல தானே!"

பெற்றிசியாவுக்குச் சிரிப்பு வந்தது. சும்மா ஒருதரம் சொல்லிப் பார்த்தாள். நாக்கு இடறியது. மற்றப் பெண்கள் சிரித்தார்கள். அடுத்த நாளும் சொன்னாள். முதலில் விளையாட்டாக, பம்பலுக்கு, பிறகு பழக்கத்துக்கு. சொல் வந்து ஒரு வருடம் கழித்துத்தான் சொல்லுக்குரிய மனம் வந்தது. பஸ் நேரத்துக்கு வந்தால் அந்தச் சொல் நாக்கு நுனிக்கு வரும். அப்போதுதான், பஸ் நேரத்துக்கு வருவதும் ஒரு நல்ல காரியம் என்று அவள் கவனிப்பாள். ஜெயனிக்குக் கணக்குப் பாடத்தில் புள்ளி வந்தது, கிணற்றில் நல்ல தண்ணீர் ஊறியது, பக்கத்து வீட்டுக்காரி சண்டை மறந்து கதைத்தாள், எல்லாவற்றுக்கும் சொல் ஓடி வந்தது. முன்பும் இவையெல்லாம் அவளுக்கு நடந்துகொண்டுதான் இருந்தன. எடுத்துவைக்க அவளிடம் ஒரு பாத்திரம் இருக்கவில்லை.

போகப்போக அரிசியைக் கிடாரத்தில் கொட்டுமுன் சிலுவை அடையாளமும் போடுவாள், "பிஸ்மி"யும் சொல்லுவாள். "ரெண்டு காவல் இருக்கு, இனிச் சோறு குழையாது" என்பாள் மரியம். அவள் மட்டும் தப்பினாளா? ஒருநாள் கிடாரத்து மூடி காலில் விழுந்தபோது மரியத்தின் வாயிலிருந்து வந்தது, "ஐயோ, மடு மாதாவே!" உடனே கன்னத்தில் போட்டுக்கொண்டு "அஸ்தக்ஃபிருல்லாஹ்" என்று படைச்சவனிடம் மன்னிப்புக் கேட்டாள். பெற்றிசியா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சரிபுதீன் முற்றத்திலிருந்து, "நல்லா வேணும் ஒனக்கு!" என்றார்.

ஜெயனி பள்ளிக்கூடம் விட்டால் நேரே அந்தக் குசினிக்கு வருவாள். இடியப்பத் தட்டுக்களுக்கு நடுவே புத்தகத்தை விரிப்பாள். மரியத்தைப் பெரியம்மா என்பாள். அவளுடைய காய்ச்சலுக்கு மரியம் ஓதித் தண்ணீர் கொடுப்பாள், தாய் செபமாலை சொல்லுவாள், கடைசியில் ஆஸ்பத்திரி மருந்தில் சுகம் வரும். கெட்டிக்காரி. யாழ்ப்பாணம் கம்பசுக்கு எடுபட்டாள். அங்கே படித்தது சமூகவியல். ஒரு மனிதரைச் சமூகமும் பண்பாடும் எப்படி வனைந்தெடுக்கின்றன என்று நீளமாகக் கட்டுரை எழுதி, விடுமுறைக்கு வந்தபோது குசினியில் வாசித்துக் காட்டினாள். நாம் நம்முடைய சொந்தம் என்று நினைக்கிற பேச்சு, பசி, வெட்கம் எல்லாம் சூழலில் இருந்து வந்தவை என்று அதில் இருந்தது.

மரியம் தேங்காய் துருவுவதை நிறுத்திவிட்டுக் கேட்டாள். "அப்ப எனக்கு ஆறு பேருக்கு ஆக்கத் தெரியாதது என்ட பிழை இல்லண்டு சொல்ற? மவராசி, இத என்ட மனுசன்ட்ட ஒருக்காச் சொல்லு!"

பெற்றிசியாவுக்குக் கட்டுரை முழுக்க விளங்கவில்லை. மகள் எழுதினாள், அது போதும். என்ன சொல்லியிருப்பாள் என்று நான் சொல்லத் தேவையில்லை.

படித்து முடித்து மன்னார் ரவுணில் ஒரு கந்தோரில் ஜெயனிக்கு வேலை கிடைத்தது. அதே கந்தோரில் வேலை பார்த்த பேசாலைப் பொடியன் நிறோஜன். இருவருக்கும் பிடித்துப்போயிற்று. வீட்டில் சொன்னார்கள். நிறோஜனின் தாய் மெற்றில்டா பெண் பார்க்க வந்தாள். கட்டுமஸ்தான மனுசி, பேச்சில் உப்புப்புளி குறையாது. அவள் வாயைத் திறந்தால் பேசாலையில் ஒரு தெரு அடங்கும் என்பார்கள்.

தேத்தண்ணியைக் கையில் எடுத்துக்கொண்டே மெற்றில்டா கேட்டாள். "எப்பிடிச் சுகம்?"

"அல்ஹம்துலில்லாஹ், நல்லா இருக்கிறம்" என்றாள் பெற்றிசியா.

தேத்தண்ணிக் கோப்பை அந்தரத்தில் நின்றது. மெற்றில்டா மாதா படத்தைப் பார்த்தாள், செபமாலையைப் பார்த்தாள், பெற்றிசியாவைப் பார்த்தாள். கோப்பையை மெல்லக் கதிரைக்குப் பக்கத்தில் வைத்தாள். ஜெயனியின் முகம் கறுத்துப் போனதைத் தாய் கண்டாள்.

சம்பந்தம் முறியவில்லை. ஆனால் பேசாலையில் கதை கிளம்பிவிட்டது. பெண்ணின் தாய் வேதத்தை விட்டுவிட்டாளாம், கோயிலுக்குப் போவது சும்மா நடிப்பாம். அதை நிறோஜன் வந்து ஜெயனியிடம் சொன்னான். ஜெயனி கட்டி வாழப்போவது அந்தத் தெருவில், அந்த மாமியோடு. நாளை ஒரு சின்னச் சண்டை வந்தாலும் அந்தச் சொல் எடுத்து எறியக் கல்லாகிவிடும்.

கலியாணத்துக்கு ஒரு மாதம் இருக்கையில் ஜெயனி ஒரு கடதாசியோடு தாய்க்கு முன்னால் வந்து இருந்தாள். "அம்மா, கலியாணப் பூசையில நாலு மன்றாட்டு இருக்கு. மூண்டு அவையின்ர ஆக்கள் வாசிப்பினம். நாலாவது நன்றி மன்றாட்டு. அது நீங்கள் வாசிக்கவேணும். அப்பாவின்ர இடத்தில நீங்கள்தானே."

பெற்றிசியாவுக்கு நெஞ்சு நிறைந்தது. மைக் பக்கமே போகாதவள், "ஓம்" என்றாள்.

"ஒண்டே ஒண்டு அம்மா." ஜெயனி கடதாசியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "அண்டைக்கு மட்டும் அந்தச் சொல்லு வேண்டாம். வாயில வரவே கூடாது. அவையின்ர ஊரே பஸ் பிடிச்சு வருகுது. எனக்காக."

"வராது பிள்ளை. சத்தியமா வராது."

சத்தியம் பண்ணிவிட்டாள். பிறகுதான் பயம் பிடித்தது. வாய் தவறுவதை வாய்க்குத் தெரிந்தா செய்கிறோம்? அதைவிடப் பெரிய பாரம், மரியத்திடம் எப்படிச் சொல்வது? கொடுத்தவளிடம் போய், நீ தந்தது எனக்கு வெட்கம் என்று சொல்கிற மாதிரியல்லவா? மூன்று நாள் வெங்காயத்தை உரித்து உரித்து வைத்தாள். மூன்றாம் நாள் மரியமே கத்தியைப் பிடுங்கினாள்.

"என்ன ஒனக்கு? பேய் பிடிச்ச மாதிரி இருக்க."

சொன்னாள். மரியம் அடுப்புக்குள் ஒரு விறகைத் தள்ளினாள், இன்னொன்றை இழுத்தாள்.

"கோயிலுக்குள்ள கோயில் பேச்சுத்தானே பேசணும் புள்ள" என்றாள் மரியம் கடைசியில். "நான் பள்ளிக்குள்ள போய் மடு மாதாவக் கூப்பிட்டா வுடுவாங்களா? எடு கடதாசிய. பாடமாக்குவம்."

ஒரு மாதம் குசினியில் ஒத்திகை நடந்தது. பெற்றிசியா கரண்டியை மைக் மாதிரிப் பிடித்துக்கொண்டு நிற்பாள். மரியம்தான் சனம். சனம் பதில் சொல்லவேண்டிய இடத்தில் மரியம் அகப்பையால் கிடாரத்தில் ஒரு தட்டுத் தட்டுவாள். "எங்களைப் பெற்று வளர்த்தவர்களுக்காகவும், எங்கள் வாழ்வில் துணை நின்ற அயலவர் எல்லாருக்காகவும் நன்றி கூறி, ஆண்டவரே உம்மை மன்றாடுகிறோம்." டங்! சொல் தவறி வந்தால் மரியம் அகப்பையை ஓங்கிக்கொண்டு வருவாள். முதல் வாரம் ஏழெட்டுத் தரம் ஓங்கினாள். கடைசி வாரம் ஒருதரமும் ஓங்கவில்லை. சரிபுதீனுக்கும் பாடமாகிவிட்டது. "இனி நானே போய் வாசிச்சிருவன்" என்று அவர் பகிடி விட்டார்.

கலியாண நாள் வந்தது. பேசாலையிலிருந்து இரண்டு பஸ் சனம். மரியம் விருந்துச் சாப்பாட்டை மண்டபத்தில் இறக்கிவிட்டு, கோயிலின் பக்கவாசலுக்கு வெளியே மர நிழலில் வந்து நின்றாள். உள்ளே வரவில்லை. ஒலிபெருக்கியில் கேட்டால் போதும் என்றாள்.

தாலி கட்டி, மோதிரம் மாற்றி முடிந்தது. முதலாம் மன்றாட்டை நிறோஜனின் தமையன் வாசித்தார். சனம் "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்றது. இரண்டாவது. மூன்றாவது. பெற்றிசியா எழும்பிப் போனாள். மைக்குக்கு முன்னால் கடதாசியை விரித்தாள்.

"எங்களைப் பெற்று வளர்த்தவர்களுக்காகவும்..." என்றபோது கூறைச் சேலையில் தலை குனிந்து முழந்தாளிட்டிருந்த ஜெயனியின் பின்கழுத்து கண்ணில் பட்டது. அமிர்தநாயகத்தின் கழுத்து அப்படியே. கண்ணைக் கடதாசிக்குத் திருப்பி, "எங்கள் வாழ்வில் துணை நின்ற அயலவர் எல்லாருக்காகவும்" என்றாள். பக்கவாசல் வழியே, காற்றில் முக்காட்டைப் பிடித்தபடி, உதடசைத்து இவளோடு சேர்ந்து ஒவ்வொரு சொல்லாகச் சொல்லிக்கொண்டிருந்த மரியம் தெரிந்தாள். அதோடு கண் நிறைந்து கடதாசியில் இருந்த எழுத்து ஒன்றும் தெரியாமல் போயிற்று. பாடமாக்கியதும் எங்கேயோ போயிற்று. எஞ்சியிருந்தது நெஞ்சுதான். அது தனக்குத் தெரிந்த ஒரே வழியில் வாய்க்கு வந்தது.

"அல்ஹம்துலில்லாஹ்" என்றாள் பெற்றிசியா, மைக்கில், கோயில் முழுக்கக் கேட்க. "ஆண்டவரே, உம்மை மன்றாடுகிறோம்."

அடுத்த கணம், பழகின வாய் சும்மா இருக்குமா, முழுச் சனமும் ஒரே குரலில், "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்!" என்றது. சொல்லி முடித்த பிறகுதான் சனத்துக்கு எதற்குப் பதில் சொன்னோம் என்று உறைத்தது. பேசாலை வாங்குகளில் தலைகள் திரும்பின. யாரோ களுக்கென்று சிரித்தார்கள். சுவாமியார் ஒருதரம் செருமிவிட்டு அடுத்த செபத்தைத் தொடங்கினார். வெளியே மரியம் தலையில் கை வைத்துக்கொண்டு, "அடிப் பாவி!" என்றாள்.

மிச்சப் பூசை பெற்றிசியாவுக்குத் தெரியாது. பூமி பிளந்து தன்னை விழுங்காதா என்று இருந்தாள். சத்தியம் பண்ணிக் கொடுத்து, பிள்ளையின் வாழ்க்கை தொடங்குகிற அன்றே அதைக் கெடுத்துப்போட்டேனே! மகள் முகத்தை இனி எப்படிப் பார்ப்பேன்? நற்கருணை நன்மை வாங்கப் போகும்போதும் குனிந்த தலை நிமிரவில்லை.

பூசை முடிந்து வெளியே வந்தார்கள். பெற்றிசியா சுவரோரமாக ஒதுங்கி நின்றாள். மெற்றில்டா நேரே அவளிடம் வந்தாள், பின்னால் பேசாலைப் பெண்கள் ஐந்தாறு பேர். அவள் வாய் திறப்பதற்குள் மரியம் ஓடிவந்து குறுக்கே நின்றாள்.

"அவளை ஒண்டும் சொல்லாதீங்க தாயே. அது என்ட சொல்லு. பதினஞ்சு வருசமா நான்தான் பழக்கிவுட்டன். ஏசுறதெண்டா என்ன ஏசுங்க."

"நீங்கள் ஆர்?"

"சமையல்காரி."

மெற்றில்டா மரியத்தை மேலும் கீழும் பார்த்தாள். இதற்குள் பொண்ணும் மாப்பிள்ளையும் வாழ்த்துகளை வாங்கிக்கொண்டு அங்கே வந்துவிட்டார்கள். ஜெயனியின் முகம் பூத்திருந்தது. தாயின் கோலத்தைக் கண்டு, "ஏனம்மா அழுறீங்கள்?" என்றாள்.

"நல்லதாப் போச்சு, நீயே சொல்லு" என்றாள் மெற்றில்டா. "உன்ர அம்மா மைக்கில என்ன சொன்னவ?"

ஜெயனி மாமியைப் பார்த்தாள், தாயைப் பார்த்தாள். ஒன்றும் விளங்கவில்லை. "நன்றி சொன்னவ" என்றாள். "ஏன் மாமி? வடிவாத்தானே வாசிச்சவ?"

பேசாலைப் பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். நடிக்கிறாளோ? நிறோஜன் சிரிப்பை அடக்கமுடியாமல் அவள் காதுக்குள் குனிந்து சொன்னான். ஜெயனியின் கை வாய்க்குப் போயிற்று.

"இல்லை! உண்மையாவோ?" தாயின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "அம்மா, எனக்குக் கேக்கவே இல்லையே! கோயில் முழுக்கக் கேட்டிருக்கு, எனக்கு மட்டும் கேக்கேல்லை. அம்மா நன்றி சொல்லுறா, அப்பாவுக்கும் சேர்த்துச் சொல்லுறா எண்டு நான் அழுதுகொண்டிருந்தன்." இத்தனை நாளும் எதை ஒளிக்கச் சொல்லித் தாயை வருத்தினோம் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. கலியாணப் பொண்ணு, கண்மை கரைய, சனத்துக்கு நடுவில் ஓவென்று அழுதாள். "நான்தான் அம்மா பிழை. நான் கேட்டிருக்கவே கூடாது."

பெற்றிசியா மகளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றாள். அவளுக்கு அந்த நேரத்தில் வந்தது துக்கமே இல்லை. இந்தப் பிள்ளை, அந்தக் கடல், அந்தப் புருசன், அந்தக் குசினி, எல்லாவற்றுக்கும் சேர்த்து நன்றிதான் பொங்கி வந்தது.

மெற்றில்டா சேலைத் தலைப்பால் தன் மூக்கைத் துடைத்தாள். பிறகு பின்னால் திரும்பி, பேசாலை முழுக்கக் கேட்கிற தன் குரலில் சொன்னாள்.

"பெத்த பிள்ளைக்கே பிழையாக் கேக்கேல்லையாம். பஸ்ஸில வந்த எங்களுக்கு என்னத்தைக் கேட்டது? ஒருத்தருக்கும் ஒண்டும் கேக்கேல்லை, விளங்கிச்சோ? வாங்கோ, படம் எடுக்க நிக்கினம்." இரண்டடி வைத்தவள் நின்றாள். "சமையல்கார அக்கா, நீங்களும்தான். பொம்பிளை வீட்டுப் பக்கம் ஆள் காணாது."